ஏழு பேர், மூணு நாள், ஒரு கெட்டில்: ராமேஸ்வரம் டிரிப்பில் வயிறும் பர்ஸும் தப்பிச்ச கதை!

"சாப்பாடு கட்டிக்கிட்டுப் போகலாம்னு சொல்றீங்க. சரி, யாரு கட்டுறது?"

ராமேஸ்வரம் பயணத்துக்காக வீட்டில் நடந்த முதல் மீட்டிங்கில் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. ஹாலில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் போனைப் பார்க்க ஆரம்பித்தோம்.

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. சின்ன வயதில் நாங்கள் போன ஒவ்வொரு டூருக்கும் முந்தைய இரவு அம்மா தூங்கியதே இல்லை. இரண்டு மணிக்கு எழுந்து புளி கரைத்து, இட்லி ஊற்றி, இலையில் மடித்து, கடைசி ஆளாகக் குளித்து, ஈரத் தலையோடு வண்டியில் ஏறுவார். தாம்பரம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். நாங்கள் ஜன்னலில் பார்த்த மலை, ஆறு, ரயில் எதையும் அம்மா பார்த்ததில்லை.

"நான் ரெண்டு மணிக்கு எந்திரிக்கணும்னா இந்த டிரிப்புக்கு நான் வரலை" என்று முடித்துவிட்டார்.

சரி, முழுக்க ஹோட்டலிலேயே சாப்பிட்டுவிடலாமே? அதற்கும் வழியில்லை. காரணம், போன வருடத்து கொடைக்கானல்.

அந்த ஐம்பது நிமிடம்

போன மே மாதம் இதே ஏழு பேர்தான் கொடைக்கானல் போனோம். அப்பா, அம்மா, அப்பாயி, அக்கா, மாமா, அக்காவின் ஐந்து வயது வாண்டு, நான். மூன்று நாளும் மூன்று வேளையும் ஹோட்டல். ஊருக்கு வந்து கணக்குப் பார்த்தால் சாப்பாட்டுக்கு மட்டும் 11,400 ரூபாய். ரூம் வாடகையே அதைவிடக் குறைவு.

பணம்கூடப் பரவாயில்லை. போகும் வழியில் ஒரு ஹைவே ஹோட்டலில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை, செம கூட்டம். அப்பாவுக்கு பத்து வருடமாக சர்க்கரை. ஆர்டர் கொடுத்ததும், 'இதோ வந்துடும்' என்ற நம்பிக்கையில் சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையைப் போட்டுவிட்டார். சாப்பாடு வர ஐம்பது நிமிடம் ஆனது. முப்பதாவது நிமிடத்திலேயே அப்பாவின் சட்டை நனைந்துவிட்டது. டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். அக்காதான் சட்டென்று புரிந்துகொண்டு, பக்கத்து டேபிளில் காபிக்கு வைத்திருந்த சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தாள். பதினைந்து நிமிடத்தில் தெளிந்தார். அதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஊர் திரும்பியதும் டாக்டர் அப்பாவிடம் சொன்னது இதுதான்: "வெளியூர் போனா, தட்டு முன்னாடி வந்த பிறகு மாத்திரையைத் தொடுங்க. கையில எப்பவும் சாப்பிட ஏதாவது இருக்கணும்." (ஒவ்வொருவருக்கும் மாத்திரையும் நேரமும் வேறு. உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஆக, எங்களுக்குத் தேவை மூன்று. அப்பாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். அம்மா தூங்க வேண்டும். செலவு பாதியாக வேண்டும். இந்த முறை டிரிப் என் சம்பளத்தில் என்பதால், மூன்றாவது விஷயத்தில் எனக்குத் தனி அக்கறை!

வேலை பிரித்த கதை

அம்மாவின் கேள்விக்கு ஒரு பழைய நோட்டில்தான் பதில் எழுதினோம். மூன்று நாளில் வெளியில் சாப்பிட வேண்டியது எட்டு வேளை. கடைசி நாள் இரவு வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்த எட்டை இப்படிப் பிரித்தோம்: முதல் நாள் காலை, மதியம் இரண்டும் கட்டுச்சோறு. இரண்டு நாள் காலை டிபன் ரூமிலேயே. மூன்று வேளை நிம்மதியாக ஹோட்டல். ஒரு வேளை பாதி ஹோட்டல், பாதி நம் கைப்பக்குவம்.

சமையலில் பாதியை முன்கூட்டியே முடித்துவிடலாம் என்பதுதான் ரகசியம். புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் மூன்று நாள் முன்னாலேயே தயார். தொக்கு அக்கா பொறுப்பு. புளிக்காய்ச்சல் அப்பாயியின் மேற்பார்வையில் நான். உப்புமா மிக்ஸ் வறுத்தது மாமா. இட்லிக்கு மாவு கடையில் வாங்கியது. கிளம்பும் நாள் காலை நாலரை மணிக்கு எழுந்து சோறு வைத்தது அப்பா. அம்மா ஐந்தேகால் வரை தூங்கினார். 'தூங்கினார்' என்று சொல்ல முடியாது. படுத்துக்கொண்டே, "குக்கர் எத்தனை விசில்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதுவும் முன்னேற்றம்தான்!

கெட்டுப்போகாத சோறு எது?

புளியோதரையை நம் பாட்டிகள் பயணத்துக்கென்று தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. வேகவைத்த சோற்றில் சில கிருமிகளின் வித்துகள் சாகாமல் தங்கிவிடும். சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் மூடிக்கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மே மாத கார் டிக்கி அதற்குள் கச்சிதமாக அடங்கும். புளியின் புளிப்பு அந்தக் கிருமிகளை மட்டுப்படுத்துகிறது. உப்பும், தண்ணீர் வற்றக் காய்ச்சுவதும் துணைக்கு நிற்கின்றன.

புளிக்காய்ச்சல் (ஏழு பேருக்கு, இரண்டு வேளைக்கு): இரண்டு பெரிய எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். 150 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 12 காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, மஞ்சள் தூள் சேர்த்துப் புளிக்கரைசலை ஊற்றுங்கள். உப்பு போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை சிறு தீயில் கொதிக்கட்டும். வறுத்துப் பொடித்த வெந்தயம், எள் ஒவ்வொரு ஸ்பூன், சுண்டைக்காய் அளவு வெல்லம் சேர்த்து இறக்குங்கள். ஆறியதும் ஈரமில்லாத பாட்டிலில் போட்டுவிட்டால் ஒரு வாரம் அசையாது.

முக்கியமான விஷயம், சோற்றை வடித்ததும் அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, ஃபேனுக்குக் கீழே நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு டப்பாவில் மூடினால் ஆவி வேர்த்து, அந்த ஈரமே சோற்றைக் கெடுக்கும். கலந்த சோறு அன்றைய மதியத்துக்குத்தான். மிச்சமானால் இரவுக்கு வைக்காதீர்கள்.

பயணத் தயிர்சாதம்: குழைய வேகவைத்த ஒரு கப் அரிசிச் சோற்றை மசித்து, காய்ச்சி ஆறிய பால் இரண்டு கப், தயிர் இரண்டே ஸ்பூன், உப்பு. கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. காலையில் பால்சாதமாகக் கிளம்பி, மதியம் புளிக்காத தயிர்சாதமாக வந்து சேரும். வெங்காயம் போடவே கூடாது. மாதுளை முத்து, திராட்சை வேண்டுமானால் சாப்பிடும்போது தூவிக்கொள்ளலாம்.

பொடி இட்லி: இட்லி ஆறியதும் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியைத் தடவி, தணலில் வாட்டிய வாழை இலையில் கட்ட வேண்டும். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும்.

அப்பாவுக்கு மட்டும் மெனு கொஞ்சம் மாற்றம். பால் ஊற்றிப் பிசைந்த மாவில் நான்கு சப்பாத்தி, தேங்காய் போடாத கொண்டைக்கடலைச் சுண்டல், வெள்ளரிக்காய். புளியோதரை ருசிக்கு இரண்டு கவளம். அவர் சட்டைப் பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட். லோ சுகர் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிடம் காத்திருப்பு, பிறகு சாப்பாடு என்ற கணக்கு இப்போது எங்கள் வீட்டு வாண்டுக்குக்கூடத் தெரியும்.

காலை ஆறு மணி, ஜி.எஸ்.டி. ரோடு

மாமா வண்டியை எடுக்கும்போது மணி சரியாக ஆறு. சென்னையிலிருந்து திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் சுமார் 560 கிலோமீட்டர். பரனூர் டோல்கேட் தாண்டியதும் வாண்டு முகம் மாறியது. போன முறை இதே இடத்தில்தான் மாமாவின் சட்டை பலியானது. அப்பாயி சுருக்குப் பையைத் திறந்து உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு எடுத்து அவன் வாயில் வைத்தார். "சப்பிக்கிட்டே வெளியில தூரமாப் பாரு. போனைப் பார்க்காத." அவ்வளவுதான், உளுந்தூர்பேட்டை வரை பையன் கப்சிப். கிளம்பும் முன் அவனுக்குப் பால் கொடுக்காமல் இரண்டு பிஸ்கெட் மட்டும் கொடுத்திருந்ததும் காரணமாக இருக்கலாம்.

ஒன்பது மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி, சர்வீஸ் ரோட்டில் ஒரு புளியமர நிழலில் வண்டியை ஓரம் கட்டினோம். இலையைப் பிரித்ததும் வந்த அந்த வாசனை இருக்கிறதே... வாட்டிய வாழை இலை, நல்லெண்ணெய், பொடி. எந்த ஹோட்டலிலும் கிடைக்காது. அப்பா இட்லியைக் கையில் எடுத்த பிறகே மாத்திரையைப் போட்டார். பத்து நிமிடத்தில் சாப்பாடு ஓவர்.

இங்கேதான் அப்பாயி ஒரு ரகசியத்தை வெளியே எடுத்தார். யாருக்கும் தெரியாமல் டிபன் பாக்ஸில் தேங்காய்த் துவையல். "எத்தனை நாள்தான் பொடியே தின்னுறது?" காலையில் அது நன்றாகவே இருந்தது. மிச்சத்தை மூடி வைத்துவிட்டார். ஒரு மணிக்கு மறுபடி திறந்தபோது லேசாக நுரைத்திருந்தது. நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பாயியே முகர்ந்து பார்த்துவிட்டு, குப்பைப் பையில் கொட்டினார். "தேங்காய்க்கு தூரம் ஆகாதுடா. எங்க மாமியார் சொல்லுவாங்க. எனக்குத்தான் புத்தி வரலை."

பயணத்துக்கு ஆகாதவை என்று நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தேங்காய்ச் சட்னி, பருப்பும் காயும் குழைந்த சாம்பார் சாதம், கீரை, பச்சை வெங்காயம், உரித்த முட்டை.

திருமயத்தில் மதியச் சாப்பாடு

திருச்சியைத் தாண்டி புதுக்கோட்டை வந்ததும் ஊரின் சத்தம் குறைந்து வெயில் கூடியது. ஒரு மணிக்கு திருமயம். சாலையிலிருந்தே கோட்டை தெரிகிறது. சேதுபதி மன்னர் காலத்தில் கட்டியது. பாறைக்குக் கீழே சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்துப் பக்கத்திலேயே குடைந்தெடுத்து நிற்கின்றன. ஒரு மரத்தடியில் பெட்ஷீட் விரித்து, தையல் இலை போட்டு, புளியோதரையும் தயிர்சாதமும் பரிமாறினோம். தொட்டுக்கொள்ள வறுத்த வடகம், மாவடு.

அம்மா கால் நீட்டி உட்கார்ந்து கோட்டையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். "இது என்ன கோட்டை?" என்று கேட்டார். இதே வழியாக இரண்டு முறை காரைக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம். இரண்டு முறையும் அம்மா இங்கே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

சாப்பிட்ட இலைகளையும் கவர்களையும் ஒரே பையில் கட்டி டிக்கியில் வைத்து, ஊருக்குள் குப்பைத் தொட்டி பார்த்துப் போட்டோம். மரத்தடியில் விட்டுவிட்டு வந்தால், அடுத்து வரும் குடும்பத்துக்கு அந்த நிழல் கிடைக்காது.

குடிநீரிலும் ஒரு கணக்கு உண்டு. ஏழு பேருக்கு மூன்று நாளைக்கு அறுபது லிட்டராவது வேண்டும். லிட்டர் பாட்டிலாக வாங்கினால் இருபது ரூபாய் வீதம் 1,200 ரூபாய். நாங்கள் வீட்டிலிருந்து ஒரு 20 லிட்டர் கேன், ராமேஸ்வரத்தில் அதைக் கொடுத்து மாற்றி இரண்டு. மொத்தம் 120 ரூபாய். கேனுக்கு ஒரு கை பம்ப் இருந்தால் ஓடும் வண்டியிலேயே பாட்டிலில் பிடிக்கலாம்.

நாலேகாலுக்குப் பாம்பன் பாலம். ஒரு பக்கம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கும் பாலம். கீழே பச்சையும் நீலமுமாகக் கடல். அம்மா விழித்திருந்தார். வாண்டு அளவுக்கே கத்தினார்.

லாட்ஜ் ரூமில் என்ன செய்யலாம், என்ன கூடாது?

மாமாவுக்கு முதலில் இருந்த ஐடியா, இண்டக்‌ஷன் அடுப்பை டிக்கியில் போட்டுக்கொண்டு வருவது. ரூம் புக் செய்யும்போதே போனில் கேட்டேன். "சமைக்கக் கூடாதுங்க. கெட்டில்ல தண்ணி மட்டும் காய்ச்சிக்கலாம்" என்றார் மேனேஜர். அடுப்பு வீட்டிலேயே நின்றது.

இது வெறும் ரூல்ஸ் விஷயம் இல்லை. ரூமில் போன் சார்ஜர் மாட்டும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர். நம் ஊர் 230 வோல்ட்டுக்கு அது தாங்குவது சுமார் 1,380 வாட்ஸ்தான். இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 வாட்ஸுக்கு மேல் இழுக்கும். பெரிய கெட்டில்களே 1,500 வாட்ஸ் உண்டு. அவற்றை ஏ.சி., கீசர் மாட்டும் 16 ஆம்பியர் பெரிய பாயின்ட்டில்தான் மாட்ட வேண்டும். கன்வெர்ட்டர் போட்டுச் சின்ன பாயின்ட்டில் மாட்டினால் பிளக் உருகும், பற்றியும் எரியலாம். நாங்கள் கொண்டுபோனது வீட்டில் இருந்த 1,000 வாட்ஸ், ஒன்றரை லிட்டர் கெட்டில். பக்கெட்டில் போடும் ஹீட்டர் கம்பியை, குழந்தை இருக்கும் ரூமில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, லாட்ஜிலேயே கெட்டில் வைத்திருந்தால், முதல் தடவை காய்ச்சும் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். உங்களுக்கு முன்னால் அதில் யார் என்ன வேகவைத்தார்களோ! நீங்களும் அதில் பாலோ நூடுல்ஸோ போடாதீர்கள். அடிப்பிடித்தால் அடுத்து வருபவர் குடிக்கும் டீயில் உங்கள் மசாலா மணக்கும்.

வெந்நீர் மட்டும் போதும் என்ற வகையில் இரண்டு டிபன் எங்களுக்குக் கைகொடுத்தது.

வெந்நீர் உப்புமா: மூன்று கப் ரவைக்கு ஐந்து டேபிள்ஸ்பூன் எண்ணெய். கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, முந்திரி, கிள்ளிய காய்ந்த மிளகாய், மொறுமொறுவெனப் பொரிந்த கறிவேப்பிலை தாளித்து, ரவையைச் சேர்த்துச் சிறு தீயில் எட்டு நிமிடம் வாசனை வர வறுங்கள். உப்பு, பெருங்காயம், அரை ஸ்பூன் சுக்குப் பொடி கலந்து, ஆறியதும் ஜிப் கவரில் அடைத்தால் பத்து நாள் இருக்கும். ரூமில் இதை ஹாட்பேக்கில் கொட்டி, ஆறு கப் கொதிக்கும் தண்ணீர். அது கெட்டிலின் சரியாக ஒரு கொதி. கிளறி மூடி, பத்து நிமிடம் திறக்காமல் விட்டால் உப்புமா ரெடி.

புளி அவல்: அரை கிலோ கெட்டி அவலை அலசி, வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடித்து, மிச்சமிருக்கும் புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசறுங்கள். மேலே வறுத்த வேர்க்கடலை.

குழந்தைகளுக்கு அவசரப் பசி என்றால் பொட்டுக்கடலை மாவும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து கொண்டுபோங்கள். வெந்நீரோ, வாழைப்பழமோ சேர்த்துப் பிசைந்து கொடுத்தால் போதும், அடுப்பே வேண்டாம்.

அப்பா கிளறிய உப்புமா

இரண்டாம் நாள் அதிகாலையே கோயில். 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் வரிசைகட்டும் அந்தப் பிராகாரத்தைச் சுற்றி வந்து, தரிசனம் முடித்து ரூமுக்குத் திரும்பும்போது மணி எட்டரை. அப்படி ஒரு பசியை நான் சமீபத்தில் உணர்ந்ததில்லை. ஹோட்டல் வாசல்களில் எல்லாம் கூட்டம், எல்லோர் தலையிலும் ஈரம்.

எல்லோரும் ஈரத் துணி மாற்றிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் அப்பா மேஜை முன்னால் நின்று, கெட்டிலையே முறைத்துக்கொண்டிருந்தார். கொதித்ததும் மிக்ஸில் ஊற்றி, லாட்ஜ் ஸ்பூனால் கிளறி, ஹாட்பேக்கை மூடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் அம்மா மூடியைத் திறக்கப் போனபோது, "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்று கையைத் தட்டிவிட்டார்.

முதல் தட்டு அம்மாவுக்குத்தான் போனது. ஆவி பறக்கிற உப்புமா, ஓரத்தில் தக்காளித் தொக்கு. அம்மா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அங்கங்க கட்டி தட்டியிருக்கு. உப்பும் கொஞ்சம் கம்மி" என்றார்.

அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று நீட்டினார். அப்பாயி அக்கா காதில் ஏதோ சொல்ல, அக்கா சிரித்துவிட்டாள். என்னவென்று கேட்டேன். "கல்யாணமாகி முப்பது வருஷத்துல உங்கப்பன் ஊத்துற முதல் கரண்டி" என்றாராம் அப்பாயி.

அப்பா பிறகு தன் பங்கு சிறிய கிண்ண அளவு உப்புமாவோடு வெள்ளரியும் வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டார். உட்கார்ந்தபின் மாத்திரை.

அன்று மதியம் கோயிலுக்கு அருகே ஒரு சைவ மெஸ்ஸில் ஃபுல் மீல்ஸ். ராமேஸ்வரத்தில் வடநாட்டு யாத்ரீகர்கள் அதிகம் என்பதால், பக்கத்து டேபிளில் ரொட்டி, எங்கள் டேபிளில் ரசம். சாயங்காலம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்கள், ரயில் நிலைய மிச்சம், அதைத் தாண்டி அரிச்சல்முனையில் நிலம் முடியும் இடம். அங்கே பெரிய ஹோட்டல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். சாலையோரக் கடைகள்தான். கையில் சுண்டலும் தண்ணீரும் இருந்ததால் இருட்டும் வரை கவலையில்லாமல் நின்றோம்.

இரவு, வெளியே வாங்கியது 12 சப்பாத்தியும் 14 இட்லியும் மட்டும். தொட்டுக்கொள்ள நம் தொக்கும் பொடியும். 320 ரூபாயில் ஏழு பேர் இரவு உணவு முடிந்தது.

மூன்றாம் நாள் காலை புளி அவல் சாப்பிட்டுக் கிளம்பி, மதியம் காரைக்குடியில் கொஞ்சம் தாராளமாக இருந்தோம். வாழை இலை, நாட்டுக்கோழிக் குழம்பு, கடைசியில் கவுனி அரிசி. அப்பாவுக்கு அதில் ஒரே ஸ்பூன், அதுவும் அம்மா கண்காணிப்பில். கட்டுச்சோறு என்பதற்காக ஊர்ச் சாப்பாட்டையே தவறவிட்டால் டூர் போனதற்கு அர்த்தம் இல்லை. மற்ற வேளைகளில் மிச்சம் பிடித்ததால்தான் இந்த ஒரு வேளையில் விலைப் பட்டியலைப் பார்க்காமல் ஆர்டர் செய்ய முடிந்தது.

இதோ கணக்கு!

வீட்டுச் சமையலுக்கு வாங்கிய மளிகை 1,150 ரூபாய். குடிநீர் 120. முதல் நாள் இரவு டிபன் 650. இரண்டாம் நாள் மதிய மீல்ஸ் 840. அன்று இரவு பார்சல் 320. காரைக்குடி விருந்து 1,650. மூன்று நாள் டீ, காபி, இளநீர், வாண்டுவின் ஐஸ்க்ரீம் எல்லாம் சேர்த்து 540. மொத்தம் 5,270 ரூபாய். கொடைக்கானலோடு ஒப்பிட்டால் 6,130 ரூபாய் மிச்சம். அப்பாவுக்கு ஒருமுறைகூட சர்க்கரை இறங்கவில்லை. யாருக்கும் வயிற்றைக் கலக்கவில்லை.

நீங்களும் கிளம்புவதாக இருந்தால், பையில் இவை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்:

* புளிக்காய்ச்சல், தொக்கு, இட்லிப் பொடி. தனித்தனி பாட்டிலில், ஈரமில்லாத ஸ்பூனோடு.
* உப்புமா மிக்ஸ், கெட்டி அவல், பொட்டுக்கடலை மாவு.
* கெட்டில், ஹாட்பேக், ஆளுக்கொரு தட்டு, டம்ளர், ஒரு கத்தி, பாத்திரம் தேய்க்கும் நார், சின்ன சோப்பு.
* உப்பு நார்த்தங்காய், குளுக்கோஸ், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்.
* தண்ணீர் கேன், கை பம்ப், குப்பைக்கு இரண்டு பெரிய பைகள்.
* யார் எந்த வேலை என்று எழுதிய பேப்பர். இதை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

இரவு ஒன்பதரைக்கு வீடு. மாமா ரசம் வைத்தார், சுமாராக இருந்தது. பாத்திரம் கழுவப் போன அம்மாவை அக்கா இழுத்து வந்து சோபாவில் உட்காரவைத்தாள். அம்மா போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். திருமயம் கோட்டை படம்.

"அடுத்த தடவை மேல ஏறிப் பார்க்கணும்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "உப்பு மட்டும் நான் போட்டுத் தர்றேன்."